சீசனுக்கு ஒதுங்கிய வீடு

அந்த நாளில் ஊட்டியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சீசனுக்கு ஒதுங்கிக்குவீங்களா?" ஒதுங்கிக்கொள்வோம் என்றால் வாடகை குறையும். மாட்டோம் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். ஏப்ரல் பிறந்ததும் பாய், சட்டி பானை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு குடியிருப்பவர்கள் பின்பக்கம் போய்விடுவார்கள். முன்னறைகளில் டூரிஸ்ட் வந்து தங்கிக்கொள்வார்கள். ஜூன் மழை தொடங்கி டூரிஸ்ட் கீழே இறங்கிய பிறகு, அவர்கள் சுவரில் துடைத்துவிட்டுப் போன எண்ணெய்க் கறையோடு நம் வீடு நமக்குத் திரும்பக் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்த பின்பக்கம் ஒரு விறகுக் கொட்டகை. தகரக் கூரை, மண் தரை. யூகலிப்டஸ் விறகின் வாசனை தலைமுடிவரை ஏறும். இரண்டு மாதம்தானே என்றார் அப்பா.

அப்பா அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் கிளார்க்காக இருந்தார். தேயிலை விலை விழுந்தபோது முதலில் திட்டு வாங்கியது அவர்தான். விலையைக் குறைத்தவன் எங்கேயோ இருந்தான், தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் இவர். பறிகூலிகூடக் கட்டவில்லை என்று பலர் இலையைச் செடியிலேயே முற்றவிட்டார்கள். சிலர் மூட்டையோடு கொண்டுவந்து ஃபேக்டரி கேட் முன்னால் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் ஃபேக்டரியைப் பூட்டினார்கள். பூட்டியவர்கள் குவார்ட்டர்ஸ் சாவியையும் கேட்டார்கள். அப்பாவுக்கு ஊட்டியில் ஒரு காரட் மண்டியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

மலைச்சரிவில் தள்ளி எங்காவது ஓர் ஓட்டு வீடு எடுத்திருந்தால் வருடம் முழுக்க அதில் நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்பா கேட்கவில்லை. அக்காவுக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது. மூன்று இடத்திலிருந்து ஜாதகம் வாங்கிப் போனவர்கள், "ஃபேக்டரி மூடிட்டாங்களாமே" என்று விசாரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். விலாசமாவது நன்றாக இருக்கட்டும் என்று அப்பா கணக்குப் போட்டார். ஊரின் நடுச்சந்தியான சேரிங்கிராசுக்குப் பின்னால் ஏறும் சந்தில், மரத்தளம் போட்ட இரண்டு அறைகள், கண்ணாடி ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கீழே கார் ஹாரன் சத்தமும் கடலை வறுக்கும் வாசனையும் வரும். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். பதினாறு வயதில் எனக்கு அந்த ஜன்னல் போதும்.

வீட்டுக்காரம்மா பக்கத்துப் போர்ஷனிலேயே இருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஸ்வெட்டர் கடை வைத்துப் பிழைத்த குடும்பம். வாய் நிறைய 'ங்க' போட்டுத்தான் பேசுவார், யாரையும் ஒரு தடவைகூட அதட்டிக் கேட்டதில்லை. முதல் சீசனிலேயே அம்மாவிடம் வந்து, "ஏனுங்க, கொட்டாயிலதான் அடுப்பு எரியுது, டூரிஸ்டுக்கு ரெண்டு பக்கெட் சுடுதண்ணி வெச்சுக் குடுத்தா என்னங்க, நீங்களும் சும்மாதான இருக்கறீங்க" என்றார். அம்மா சரி என்றாள். அம்மாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று ஊர் சொன்னது, எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பக்கெட் எட்டு பக்கெட் ஆனது. விடியும் முன்னால் ஜன்னலிலிருந்து, "ஏம்மா, தண்ணி!" என்று குரல் வரும். அப்பாவின் பழைய காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலுக்கே எங்கள் அம்மா வெந்நீர் சுமந்து போவாள். கதவைத் தட்டிவிட்டு நிற்பாள்.

இரண்டாவது வருடம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாக இரும்புச் சாமான் கடை, ஒரே பையன், ஜாதகமும் பொருந்தியது. மண்டிக்குப் போன் செய்து, "சீசன்லயே வர்றோமுங்க, பொண்ணையும் பாத்த மாதிரி இருக்கும், பூக்காட்சியும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார்கள். கீழ்நாட்டு ஜனங்கள் எல்லாருக்கும் இந்த ஆசை உண்டு. ஊட்டியில் ஒரு சொந்தம் கிடைத்தால் மே மாதம்தான் ஞாபகம் வரும். அப்பா, "வாங்க, தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகுதான் மே மாதத்தில் நமக்கு வீடே கிடையாது என்பது அவருக்கு உறைத்தது. மறுபடி போன் செய்து ஜூனுக்கு வரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஃபேக்டரி மூடிய கதையை மறைத்தவருக்கு விறகுக் கொட்டகையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அப்பாவும் அம்மாவும் போய் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார்கள். "டூரிஸ்டெல்லாம் ஒன்பது மணிக்கு போட்டிங் போயிருவாங்க. பத்துல இருந்து பன்னண்டு வரைக்கும் ஹாலை எடுத்துக்கங்க. அவிய சாமானை மட்டும் தொடாதீங்க" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் ஹாலில் நாங்கள் இரண்டு மணி நேரம் உட்காருவதற்கு.

அன்று காலை அம்மா நாலு மணிக்கே எழுந்து கேசரி கிளறினாள். அவளுடைய ஒரே பட்டுச்சீலை கொட்டகை ஆணியில் மடிப்புக் கலையாமல் தொங்கியது. டூரிஸ்டுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு குளித்துக் கட்டிக்கொள்வதாகத் திட்டம். வருகிறவர்கள் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்ததால் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவர்கள் வாடகைக் கார் பிடித்து, கூட்டத்துக்குப் பயந்து இருட்டோடு புறப்பட்டு, எட்டு மணிக்கே சந்து முனையில் வந்து இறங்கினார்கள். நான் கேட்டில் கோலப்பொடியோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அந்த அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, "கிளார்க் ஐயா ஊடு இதுதான அம்மிணி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

அதே நேரத்தில் அம்மா இரண்டு கையிலும் பக்கெட்டோடு கொட்டகையிலிருந்து வந்தாள். தலையில் துண்டு, முகத்தில் கரி, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சீலை. ஜன்னலிலிருந்து ஒருவன், "எவ்வளவு நேரம்மா?" என்று கத்தினான். "இதோ வந்துட்டனுங்க" என்று அம்மா ஓடினாள்.

மாப்பிள்ளையின் அம்மா, "அது ஆரு அம்மிணி?" என்று கேட்டார்.

"வேலைக்கு வர்றவங்க" என்றேன்.

அக்காவுக்காகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் சுமக்கிறவள் அம்மா என்றால் வீடு எங்களுடையதில்லை என்று தெரிந்துவிடும், வரன் போய்விடும், சமயோசிதமாகச் சமாளித்தேன் என்று. அது பாதிதான் உண்மை. அந்தக் கோலத்தில் அவளை அம்மா என்று சொல்ல எனக்குக் கூசியது. வரனே வந்திருக்காவிட்டாலும், யாரோ வழிப்போக்கர் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அம்மாவுக்குக் காதில் விழுந்தது. ஒரு பக்கெட்டைக் கீழே வைத்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தூக்கிக்கொண்டு போனாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரம்மாவுக்கு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பெரிய மனுஷியாக முன்னால் நிற்க இப்படி ஒரு வாய்ப்பு அவருக்கு எப்போது கிடைக்கும்? "வாங்க வாங்க, நான் பொண்ணுக்குப் பெரியம்மா முறைங்க. அதோட அம்மாவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், டாக்டர் எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாரு" என்று தன் போர்ஷனில் உட்காரவைத்தார். டூரிஸ்டுகள் எங்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள். சீசனில் ஊட்டி வீடு என்றால் சொந்தம் நிறைந்துதான் இருக்கும், அதை யாரும் சந்தேகப்படவில்லை. பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றுவிட்டு அப்பா ஒன்பதரைக்கு வந்தார். வீட்டுக்காரம்மா வாசலிலேயே அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். அப்பா கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு வாயெல்லாம் சிரிப்பாக உள்ளே போய், "பாவம், அவளுக்குத்தான் உங்களைப் பாக்கக் குடுத்து வெக்கல" என்றார். அக்கா காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பெண் பார்க்க வந்தால் பெண்கள் அழுவது வழக்கம்தானே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கேசரி சாப்பிட்டுக் கை கழுவ மாப்பிள்ளையின் அம்மா பின்பக்கம் வந்தார். நான் துண்டோடு கூட வந்தேன். கொட்டகை வாசலில் அம்மாதான் செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். அந்த அம்மா கையை நீட்டிக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எங்கள் அக்காவுக்கு அம்மாவின் முகம். நீண்ட தாடை, அதில் ஒரு குழி, ஒன்றுபோல் இருக்கும். அவருடைய பார்வை ஆணியில் தொங்கிய பட்டுச்சீலைக்குப் போய்த் திரும்பியது.

"எத்தன வருசமா இந்த ஊட்டுல வேல செய்யறீங்க?" என்று கேட்டார்.

"பெரியவ பொறந்ததுல இருந்துங்க" என்றாள் அம்மா.

அந்த அம்மா லேசாகச் சிரித்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்க, பூ வெச்சுட்டே போறோம்" என்றார். எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். என் சாமர்த்தியத்தால்தான் நடந்தது என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்தும் அவர் ஏன் சரி என்றார் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. பெற்றவளையே வேலைக்காரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில் பெண் எடுத்தால், நாளைக்கு அந்தப் பெண்ணை என்ன செய்தாலும் கேட்க ஒருவர் வரமாட்டார். அதைவிட நல்ல சம்பந்தம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

கல்யாணத்தில் என்ன செய்வது என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். "பட்டுச்சீலை கட்டிப் பூ வெச்சுட்டா ஆருக்கு அடையாளம் தெரியப் போகுது" என்றார் அப்பா. பூ வைத்த அன்றைக்குப் பிறகு அவளோடு அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். தாரை வார்க்கும்போது அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள். பட்டுச்சீலையில் நன்றாகவே இருந்தாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்புறம் சம்பந்திப் பந்தி. கை கழுவும் இடத்தில் டிரம்மில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. மண்டபத்து ஆட்கள் நாலு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவர்களைக் கூப்பிடவில்லை. எச்சில் கையோடு பந்தி நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்க, எங்கள் அம்மாவைப் பார்த்து, "ஏனுங்க, ரெண்டு பக்கெட் தண்ணி கொண்டாந்து ஊத்துங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றார்.

சம்பந்தி கேலி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா எழுந்தாள். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயடிக்குப் போய் இரண்டு பக்கெட் பிடித்து, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா கழுவி முடிக்கும்வரை ஊற்றினாள். மணமேடையிலிருந்து அக்கா பார்த்தாள். எனக்கு அப்போதும் அம்மா மேல்தான் கோபம் வந்தது. சொன்னால் உடனே எழுந்து போய்விடுவதா?

அக்கா இன்றுவரை அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கு நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. அம்மா அங்கே போகும்போதெல்லாம் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள் என்பதை மட்டும் எழுதலாம், அது என் கணக்கில் சேரும். "நீ சொன்னதத்தான் அவிய புடிச்சுக்கிட்டாங்க" என்று அக்கா ஒரு முறை சொன்னாள். திட்டக்கூட இல்லை.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த விறகுக் கொட்டகையிலேயே இருந்தோம், அதே மே மாதம். தேயிலை விலை ஏறவில்லை, எங்களுக்கும் வேறு வீடு அமையவில்லை. அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி முன்னால் பொட்டை நேராக வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சம்பவத்தைப் பற்றி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒரு தரம்கூடப் பேசியதில்லை, மறந்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு ஆணியின் பக்கம் திரும்பினாள். பட்டுச்சீலையும் காக்கி ஸ்வெட்டரும் ஒரே ஆணியில் தொங்கின.

"இன்னைக்கு நான் ஆருன்னு சொல்லப் போறே அம்மிணி? முன்னாலயே சொல்லீரு. அதுக்குத் தக்கனையா உடுத்திக்கறேன்" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்காக நின்றாள்.