ஆர்க்கரூலாவில் ஆறு வந்த நண்பகல்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு மெல்பேர்ணில் காரை எடுத்தோம். முதல் இரவு அடிலெய்ட், இரண்டாம் இரவு கொப்லி. கொப்லி என்றால் ஒரு ஹோட்டல், ஒரு கடை, ஒரு தண்டவாளம். வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறிவிட்டன; எங்கள் கார் இன்னும் மைல்தான் காட்டியது. ஆர்க்கரூலா நூற்று முப்பது என்று பலகை சொன்னால் என் கணவர் எண்பது என்று திருத்திக்கொண்டு ஓட்டினார். எண்பதும் செம்மண் பாதை.

இத்தனை தூரம் போனதற்குக் காரணம் எங்கள் மகள் வதனி. பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கிறாள். அடுத்த குளிர்காலத்தில் மூன்று மாதம் இந்த ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் கூடாரமடித்துப் பாறைகளை ஆராயும் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இருபது வயதுப் பெண்ணைப் பாலைவனத்துக்கு அனுப்புவதா? மலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான்.

ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்தோம். மரமற்ற சிவந்த மலைகள். கல் அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. விடுதியின் லொறிச் சாரதி இந்த மலைகளின் பழங்குடியான அட்ன்யமதனா மக்களில் ஒருவர். மாலையில் அவர் சொன்ன கதை இது. மலையில் வாழ்ந்த ஒரு பெரும்பாம்பு தாகமெடுத்துச் சமவெளிக்கு இறங்கி, ஃபுரோம் ஏரியை முழுவதும் குடித்துவிட்டது. உப்புத் தண்ணீர். வீங்கிய வயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பி ஏறிய தடம்தான் இங்குள்ள பள்ளத்தாக்கு. ஏரி இன்றும் வெறும் உப்புப் படுகை. பாம்பின் வயிறு மலைக்குள் இன்றும் இரைகிறது.

“உண்மையிலேயே சத்தம் கேட்குமா?” என்றேன்.

“கேட்கும். சின்ன நிலநடுக்கம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள்தானே, மெதுவாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.” சிரித்துவிட்டு, “நாளை சாப்பாட்டுக்கு ஆற்றுக்குள் உட்காராதீர்கள். வடக்கே மின்னுகிறது,” என்றார்.

“எந்த ஆறு?”

“வரும்போது தெரியும்.”

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த ஆற்றுக்குள்தான் பாயை விரித்தேன். வரைபடத்தில் அது விட்டு விட்டு வரைந்த நீலக்கோடு. பருவகால ஆறு என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். ஆனால் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத குடாநாட்டில் பிறந்த எனக்குத் தெரிந்தது, பொடிமணலும் யூக்கலிப்டஸ் நிழலும் மட்டும். காரை மட்டும் கணவர் கரையிலேயே விட்டார்.

“இஞ்சேரும், அந்தாள் உள்ளுக்க இருக்க வேண்டாம் எண்டதெல்லோ?”

“வானத்தில ஒரு முகில் இருக்கோ பாருங்கோ.”

வதனி எழுந்தாள். “அம்மா, அங்கால பாறையில வடிவான மடிப்பு ஒண்டு தெரியுது. போட்டு வாறன்.”

அவள் மணலைக் கடந்து அக்கரைக்கு ஏறிய சிறிது நேரத்தில் மலை இரைந்தது. பாயின் கீழே மணல் மெல்ல அதிர்ந்தது.

“பாம்பு முழிச்சிட்டுது,” என்று சிரித்தேன். “சின்ன நிலநடுக்கம். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

“அம்மா! அது தண்ணி! மேல ஏறுங்கோ!” அக்கரையிலிருந்து வதனி கத்தினாள்.

கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். கரையேறித் திரும்பியபோது சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு மண்ணிறத் தண்ணீர் வளைவில் திரும்பியது. முன்னால் முழங்கால் உயரம். பின்னால் ஆள் உயரம். பாய், சோற்றுப் பெட்டி, ஃபிளாஸ்க் எல்லாம் போயிற்று. தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருந்தது.

ஒரு மணி நேரத்தில் வேகம் தணிந்தது. நடுவில் மணல் திட்டுக்கூடத் தெரிந்தது. இதுதான் சமயம் என்று பட்டது. இரண்டு கையையும் ஆட்டி, “வா! இப்ப ஓடி வா!” என்று கத்தினேன். வதனி தலையை ஆட்டி மறுத்தாள். “சொன்னாக் கேள், வா!” தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் அதே இரைச்சல். முதல் வெள்ளத்தைவிடப் பெரியது. வேரோடு ஒரு மரம் புரண்டு புரண்டு வந்து, நான் அவளைக் கூப்பிட்ட வழியைக் குறுக்கே அடித்துக்கொண்டு போயிற்று.

நாலரை மணிக்கு, கணுக்கால் தண்ணீரில், ஒவ்வொரு அடிக்கும் தடியை ஊன்றிப் பார்த்து அவள் வந்தாள். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“மேல ரெண்டு கிளை சேருது அம்மா. நீங்க கூப்பிடேக்க மற்றக் கிளைத் தண்ணி இன்னும் வரேல்லை. அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

செவ்வாய் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டபோது ஆறு மறுபடி மணலாகியிருந்தது. கிளைகளில் எட்டாத உயரத்தில் சருகு தொங்கியது. எங்கள் ஊரில் தண்ணீர் கிணற்றில் இருக்கும், நாங்கள் போய் அள்ளுவோம். இங்கே அது ஆளைத் தேடி வருகிறது. நான் படிப்பித்த புவியியலில் இது இருந்தது. நான் பார்த்த நிலத்தில் இருக்கவில்லை.

இருபது மைல் ஓடிய பிறகு கணவர் கேட்டார்: “அப்ப, பிள்ளையை விடுறீரோ?”

பின் ஆசனத்திலிருந்து வதனி முன்னுக்குச் சாய்ந்தாள்.

“சொல்வழி கேளாத பிள்ளை,” என்றேன். “போகட்டும்.”