பூவுக்கு முறை இல்லை, படகுக்கு உண்டு

பக்கத்து வீட்டு விளக்கு அணையாமல் நம் வீட்டு வயரை மாற்றுவதுதான் எங்கள் தொழில். மென்பொருளில் குப்பை கொட்டும் மக்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? எம்.சி.ஏ. படித்துக்கொண்டே புதுக்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வரிசைக்கு டோக்கன் கொடுக்கும் சர்வீஸ் ஒன்று வைத்திருக்கிறோம். கீரமங்கலம் பூ மண்டியும் ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளான்ட்டும் அந்த ஒன்றைத்தான் ஆளுக்கொரு செட்டிங்ஸில் ஓட்டுகின்றன.

மண்டியின் எரிச்சல்

ஒவ்வொரு டோக்கனுக்கும் திரை, "இது யார் முறை?" என்று கேட்கும். எடை போடக் கூடை கூடையாக மல்லிகை காத்திருக்க, மண்டி நடத்தும் செல்வி அக்காவுக்கு அந்தக் கேள்வியைக் கண்டாலே ஆகாது. போன் போட்டார். "பூ தெனமும் பூக்குது பாப்பா, அதுக்கு ஏது முறை?"

வேரோடு பிடுங்கியது

அக்கா கேட்டது நியாயம். சீனியர் பிரபு அண்ணன் செய்ததுதான் அநியாயம். கேள்வியையே எல்லோருக்கும் சேர்த்துத் தூக்கிவிட்டார். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஒரு நாள் போனால் மறுநாள் நாட்டுப்படகு. அந்த முறையை வைத்துத்தான் ஐஸ் டோக்கனே. மண்டிக்கு மட்டும் அணைக்க ஒரு சுவிட்ச் வைக்கலாமே என்று மத்தியானம் வரை வாதாடினேன். அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு தினுசா வச்சா யாரு பராமரிக்கிறது, ஒங்க காலேஜா?"

காலிப் பெட்டிகள்

மறுநாள் நாட்டுப்படகு முறை. விசைப்படகுக்காரர்கள் வழக்கம்போல் தங்கள் முறைக்கு முதல் நாளே டோக்கன் போட்டிருந்தார்கள். முன்பென்றால் சர்வீஸ் அதை அவர்கள் முறைக்குத் தள்ளிவைக்கும். இப்போது அன்றைக்கே கொடுத்துவிட்டது. ஐஸ் முழுக்கப் பெரிய படகுகளுக்கு ஒதுக்கியாயிற்று. கடலுக்குப் போக வேண்டிய நாட்டுப்படகுக்காரர்கள் காலிப் பெட்டியோடு நிற்கிறார்கள். பிளான்ட் மேனேஜர் காதர் பாய் போனில் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கடல்ல முறையை மாத்தணும்னா எங்க சங்கம் பூரா கூடிப் பேசணும் பாப்பா. ஒங்க ஆபீசுல யாரு கூடுனது?"

பழசும் புதுசும்

யாரையும் கேட்காமல் பழைய பதிப்பை ஏற்றினேன். தப்பாக விழுந்த டோக்கன்களை பாய் ரத்து செய்ய, நாட்டுப்படகுகள் தாமதமாகவாவது கிளம்பின. பிறகு அண்ணன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மண்டி புதுசில் ஓடட்டும், பிளான்ட் பழசிலேயே இருக்கட்டும்; பாய் பார்த்துச் சரி என்று சொல்லாமல் பழசை யாரும் தொடக்கூடாது. இதற்குச் சம்மதிக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் தேநீர் ஆறிப்போனது. "சரி தாயி, எதை எடுக்கிறதா இருந்தாலும் கேட்டுட்டே எடுப்போம். நாற்காலியை அங்கிட்டுப் போடு."

ஜெயித்ததற்குப் பரிசாக, இரண்டு தினுசையும் இப்போது பராமரிப்பது எங்கள் காலேஜ்தான், அதாவது நான்.