பின் சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்தைந்து வருஷமாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். காற்று எந்தத் திசை, மழை எத்தனை மணிக்கு விட்டது என்பதுவரை அதில் இருக்கும். ஆகவே நான் கதை கட்டுவதாக நீங்கள் நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. டைரியில் இருப்பதைச் சொல்கிறேன். டைரியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், தூத்துக்குடியைக் காலிசெய்துகொண்டு போன ஒரு டாக்டரிடம் அவருடைய பழைய காரை வாங்கினேன். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரனுக்குக் கார் ஆடம்பரம்தான். என் தங்கை ரோசம்மாளுக்காக வாங்கினேன். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக என் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு நெஞ்சில் சீக்கு, காசநோய். வாரம் ஒருமுறை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஊசி வைத்துக் காற்று ஏற்ற வேண்டும், விட்டால் பிழைக்க மாட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் குலுக்கலில் ரத்தமாக இருமினாள்.

முதல் பயணத்திலேயே பின் சீட்டுக்கு அடியில் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக். அவ்வளவுதான். பத்து மைல் தாண்டி மறுபடியும் அதே மாதிரி.

பாளையங்கோட்டை ரோட்டில் ஷெட் வைத்திருந்த சுடலை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “டாக்டர் வண்டில்லா அண்ணாச்சி, தட்டிப் பாத்துட்டுத்தான் போவும்.”

ஸ்பிரிங் பட்டையின் ஆணியை மாற்றினான். அடுத்த வாரம் புகைக்குழாய்ப் பிடியை. அதற்கடுத்த வாரம் பின் அச்சைக் கழற்றிப் பூட்டினான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் கோளாறு எதில் என்று தெரியாமல் போய்விடும், வாரத்துக்கு ஒன்றுதான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

“இப்படி ஒண்ணு ஒண்ணா மாத்தச் சொன்னா எனக்குப் பேரப்பிள்ள பொறந்துரும் அண்ணாச்சி. நீங்க எழுதி எழுதியே வண்டிக்கு நோவு வர வைக்கிய.”

ஆனால் எழுதியதில்தான் விஷயம் பிடிபட்டது. ஆறு வாரக் குறிப்பையும் வைத்துப் பார்த்தேன். நான் தனியாகத் துறைமுகத்துக்குப் போன ஒரு நாளும் சத்தமில்லை. ரோசம்மாள் ஏறிய நாளில் மட்டும்தான்.

“ஆள் பாரம் விழுந்தாத் தட்டுது” என்றான் சுடலை. அவள் எடைக்கு உப்பு அளந்து மூட்டை கட்டி, அவள் உட்காரும் இடத்திலேயே வைத்து, முத்தையாபுரம்வரை போய்த் திரும்பினோம். ஒரு சத்தமும் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு அவளை ஏறி உட்காரச் சொன்னேன். நம்பினால் நம்புங்கள், உச்சி வெயில், இஞ்சினைக் கிளப்பவே இல்லை, சுடலையும் நானும் வண்டிக்கு வெளியே நிற்கிறோம்.

டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக்.

சுடலை கையைத் துடைத்துக்கொண்டான். “இஞ்சின் ஓடல, சக்கரம் உருளல. இதுல இனி நான் கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி” என்று ஷெட்டுக்குள் போய்விட்டான்.

அப்போதுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிப்பது எங்கள் வழக்கம். தன் தங்கை தாலியறுக்க எவனும் கை சோர மாட்டான் என்ற நம்பிக்கை. அவள் புருஷன் சவரிக்குக் கயிறு பிடித்தவன் நான்தான். ஒரு இழுப்பு என்றால் சங்குப் பையைத் தூக்கு. அடுத்தடுத்து இரண்டு என்றால் ஆளைத் தூக்கு.

கயிறு அசையவே இல்லை என்று கரையில் எல்லாரிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். பொய். ஒவ்வொரு முங்குக்கும் நேரம், சங்கு எத்தனை என்று அப்போதே நோட்டில் குறிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. கயிற்றை வலது கணுக்காலில் சுற்றிக்கொண்டு எழுதினேன். ஒரு இழுப்பு வந்தது. பைதானே, வரியை முடித்துவிட்டுத் தூக்கலாம் என்று இருந்தேன். பிறகு இரண்டு வந்தது. நான் வரியை முடித்தேன்.

தூக்கியபோது வெறும் கயிறுதான் வந்தது. மற்றவர்கள் தோணியின் பாய்மரத் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். என் காலை யாரும் பார்க்கவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அதை நான் சொன்னதில்லை.

“அண்ணே” என்றாள் ரோசம்மாள் வண்டிக்குள்ளிருந்து.

“என்னளா?”

“அன்னைக்கு அவிய கயித்த நீ கையிலயா புடிச்சிருந்த, கால்லயா?”

கோபமே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“கையிலதான்” என்றேன்.

என் வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரிண்ணே” என்று கதவைத் திறந்து இறங்கினாள். “இனி நான் இதுல வரல.”

வீடுவரை நடந்தாள், நின்று நின்று இருமிக்கொண்டு. நான் கதவைத் திறந்து வைத்தபடி பின்னாலேயே மெதுவாக ஓட்டினேன். ஏறவில்லை.

அடுத்த வாரம், “பஸ்ஸுலயாவது போவலாம், வாளா” என்று கெஞ்சினேன்.

“மூச்ச ஏத்தி என்னண்ணே செய்யப் போறேன்?” என்றாள். வழக்கம்போல எனக்குத்தான் முதலில் மீன் எடுத்து வைத்தாள். நாற்பத்தொரு நாள் இருந்தாள். சொல்வதற்கு எனக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. சாமியார் வந்து எண்ணெய் தொட்டுக் கடைசிப் பூசுதல் கொடுத்தபோதும் கட்டிலருகில் நின்றேன். சொல்லவில்லை.

காலில் சுற்றியதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதன்பின் அந்தச் சத்தம் ஒரு நாளும் வரவில்லை. காரை நான் விற்கவும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நான் இறங்கும்போது என் பாரம் குறைந்து வண்டியின் பின்பக்கம் சற்றே எழும்புகிறது, அது இயற்கை. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை எழும்புகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், மூன்று ஞாயிறு. கிட்டத்தட்ட ஓர் ஆள் இறங்கும் அளவு.

யார் என்று தெரியவில்லை. அந்த இரண்டாவது எழும்பல் வரும்வரை நான் கதவைச் சாத்துவதில்லை.