அம்பு வைக்காத வில்

அன்று பட்டறையில் இருந்தவர்கள்: எரிக், அவனுடைய அக்கா ஆஞ்சலா, நான். நாலாவதாக ஒருவர் இல்லை என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டோம்.

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என்னையே கேவலமாகக் காட்டும் கதையை நான் எதற்குக் கட்ட வேண்டும்?

பிரேசர் டவுனில் எரிக் வீட்டுப் பின்பக்க கார் ஷெட்தான் பட்டறை. ஐரோப்பாவில் அறுநூறு வருடங்களுக்கு முன் சண்டைக்குக் கொண்டுபோன குறுக்குவில்லை அதே அளவில், கையால் செய்கிறான். சேகரித்து வைப்பவர்கள் வாங்குகிறார்கள். துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு தேக்குக் கட்டை; அதன் முனையில் குறுக்காக, லாரி ஸ்பிரிங் பிளேட்டிலிருந்து அடித்த இரும்பு வில். நாண் முறுக்குவது என் வேலை. நான் கால் சென்டர் நைட் ஷிஃப்டைப் பாதியில் விட்டவன். "ராத்திரிக்கு பயந்து ஓடியாந்த பார்ட்டி குரு இது" என்றுதான் எரிக் என்னை அறிமுகப்படுத்துவான். நானும் சிரிப்பேன்.

நாணை மாட்டுவது லேசு இல்லை. வில்லின் முன்னால் ஓர் இரும்பு வளையம் உண்டு. அதில் காலை விட்டு மிதித்து, இரண்டு கையாலும் நாணை இழுத்து, கட்டையின் நடுவில் இருக்கும், மாட்டுக் கொம்பில் கடைந்த உருளையில் மாட்ட வேண்டும். அடியில் உள்ள நீளக் கம்பியை மேலே அழுத்தினால் உருளை சுழன்று நாணை விட்டுவிடும்.

அன்று மழை. இருட்டிவிட்டது. முடித்த வில்லை மேஜையில் வைத்தேன். நாண் மாட்டவில்லை. வில்லின் மூக்கு, சோதனைக்கு அம்பு விடும் மணல் மூட்டைப் பக்கம். கை கழுவிவிட்டு வந்தேன்.

நாண் மாட்டியிருந்தது.

எரிக்கிடம் சொன்னேன். நானே மாட்டிவிட்டு மறந்திருப்பேன் என்றான். டீ கொண்டுவந்த ஆஞ்சலா அக்கா, நைட் ஷிஃப்டில் விட்ட தூக்கத்தை நான் இன்னும் தூங்கித் தீர்க்கவில்லை என்று கிண்டல் செய்தார். அம்பு இல்லாமல் விட்டால் நாணின் வேகம் முழுக்க வில்லிலேயே இறங்கி இரும்பு பிளந்துவிடும். அதனால் நானும் எரிக்கும் நாணைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கி, மூக்கு மூட்டைப் பக்கமாகவே வைத்தோம்.

அக்கா வீட்டுக்குள் போனார். எரிக் போன் பேச வெளியே போனான். நான் மரத்தூளைப் பெருக்கினேன்.

க்ர்ர்ர்ர்... மெழுகு தடவிய நூல் இழுபடும் சத்தம்.

டக்.

திரும்பினேன். மணி ஏழு இருபது. நாண் மாட்டியிருந்தது. அம்பு வைக்கும் பள்ளம் காலி. ஆனால் மூக்கு மூட்டைப் பக்கம் இல்லை. சாணை மெஷினைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எரிக் நின்று வேலை செய்யும் இடம்.

எரிக் உள்ளே வந்தான். நேராகச் சாணைக்குப் போனான். வில்லுக்கு முதுகு.

'நகரு' என்று ஒரு வார்த்தை போதும்.

மறுபடியும் சிரிப்பான் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

அடிக்கம்பி... மெல்ல... மேலே போனது.

நான் பலகை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான் மட்டும்.

தொம்.

இந்த வேலை செய்பவர்களுக்கு இரண்டு சத்தம் தெரியும். வெறும் வில் 'படார்' என்று உதறும். அம்போடு விட்டால் அடங்கின சத்தம், 'தொம்'. நான் கேட்டது அம்போடு விட்ட சத்தம்.

எரிக் கொசு கடித்ததுபோலத் தோளைச் சொறிந்தான்.

"விட்டியா?"

"தொடல."

"சும்மா விட்டிருந்தா பொளந்திருக்கும் மச்சா."

வில்லைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. அப்படியானால் அம்பு எங்கே என்று தரையில் தேடினான். சுவரில் தேடினான். நானும் கூடச் சேர்ந்து தேடுவதுபோல் நடித்தேன்.

அடுத்த மாதம், எரிக்குக்கு இருமல் நிற்கவில்லை என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எப்போது அடிபட்டது என்று டாக்டர் கேட்டாராம். வலது தோள்பட்டை எலும்பில் ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் ஆறி மழுங்கியிருக்கிறது. பத்து வருடமாவது ஆன காயம் என்றார். எரிக்குக்கு விபத்தோ ஆபரேஷனோ நடந்ததே இல்லை. தோலில் தழும்பும் இல்லை. ஓட்டை சதுரம். எங்கள் அம்பு முனையும் சதுரம்தான். உள்ளே போன வழி தெரிகிறது, வெளியே வந்த வழி தெரியவில்லை என்றாராம்.

அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எரிக் தன் அறை வாசலில் நின்றான்.

"அன்னிக்கு நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"இவன் அங்க நிக்கறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்ப வாய்ல என்னா வெச்சினு இருந்த?"

சிரிப்பான் என்று பயந்தேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

எரிக் அறைக்குள் போனான். திரும்பி நடக்கவில்லை. முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னாலேயே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் போனான்.

அக்கா வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.