காஞ்சிபுரப் பயணத்தில் பதினொரு முறை நின்றேன்

காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது சமதளம். மலை இல்லை. ஏற வேண்டிய படிகளும் குறைவு. போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. வெயில் இன்னும் ஏறாத பருவம்.

எனக்கு வயது இருபத்தாறு. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை; நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து ஓட்டையை அடைத்தார்கள், வழியை விரித்தார்கள். விரித்த இடத்தில் வால்வு கசியும், பெரியவனானதும் ஒருநாள் புது வால்வு வைக்க வேண்டிவரும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். அந்த ஒருநாள் எது என்பதுதான் கேள்வி. சீக்கிரம் வைத்தால், அதுவும் சீக்கிரம் தேயும். தாமதித்தால், கசிவால் வீங்கிப்போன இதய அறை பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம்.

“மூச்சு வாங்குதா?” ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார்.

“இல்லை.”

இந்த முறை ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். “ஒரு நாள் முழுக்க வெளிய சுத்து. எங்கெல்லாம் நிக்கிறியோ, அதை எழுதிட்டு வா.”

தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதற்காகவே கிளம்பினேன். மறுபடி மார்பைத் திறப்பார்கள் என்ற பயம். வேறொன்றும் இல்லை.

தாம்பரத்தில் பேருந்து ஏறியது காலை 5.40. கட்டணம் ஐம்பது ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இறங்கும்போது 7.15. நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு காபி, நாற்பது ரூபாய். இட்லி சுமார், காபி நன்று.

கைலாசநாதர் கோயில் அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். வாசலிலேயே இறங்கிவிடலாம் என்பது திட்டம். பிள்ளையார்பாளையத்தில் ஆட்டோ நின்றது. தெருவின் நடுவே நீளத்துக்கும் பட்டு இழைகள், மூங்கில் தாங்கிகளின் மேல், இடுப்பு உயரத்தில். தறியில் ஏற்றுவதற்கு முன், பாவு எனப்படும் நெடுக்கு இழைகளைத் தெருவில் விரித்துச் சரிபார்க்கும் வேலை. ஒன்றல்ல, அடுத்தடுத்து நான்கு வீட்டுப் பாவு.

“பாவு போட்டுக்கினு இருக்காங்க சார். வண்டி போவாது,” என்றார் ஓட்டுநர்.

“சுத்திப் போக முடியாதா?”

“அங்கயும் இதான். நடந்துடுங்க சார், ரெண்டு நிமிஷம்.”

அவருடைய இரண்டு நிமிடம். அரை கிலோமீட்டர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்குவதற்கு முன்பே நின்றுவிடுவது என் வழக்கம். ஷூ லேஸ் கட்டுவேன். சுவரொட்டி படிப்பேன். பெரும்பாலும் போட்டோ எடுப்பேன். இவையெல்லாம் நிற்பதில் சேராது. ஆகவே அந்த ‘இல்லை’ பொய்யும் ஆகாது. பல வருடங்களாக இப்படித்தான்.

மூன்றாவது பாவின் அருகே போனை உயர்த்தினேன்.

“இன்னா போட்டோ தம்பி அது? ஸ்கிரீன் கருப்பா இருக்குது.”

நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கை இழைகளைத் தடவிக்கொண்டே இருந்தது, கண் என் மேல். திரையைப் பார்த்தேன். கருப்புதான்.

“பேட்டரி தீர்ந்துபோச்சு.”

“தீந்துபோன போன வெச்சிக்கினு அஞ்சு நிமிஷமா எங்க வூட்டயே பாத்துக்கினு நிக்கிற. பொண்ணு பாக்க வந்தியா?”

தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் மூச்சு இல்லை. அவர் முகம் மாறியது.

“ஹார்ட்ல பிரச்சினைங்க. பொறந்ததுலேருந்து. நடந்தா மூச்சு வாங்கும்.”

தெரியாத ஒருவரிடம் இதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

“அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னப்பா? யோவ், அந்த சேர எடு!”

பாவின் மறுமுனையிலிருந்து அவர் கணவர் நீல பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். உட்கார்ந்தேன். கண் முன்னே ஓர் இழை அறுந்தது. “அறுந்துச்சி!” என்று அந்தப் பெண் குரல் கொடுத்ததும், அந்தப் பாவில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேரும் நின்றார்கள். கணவர் இரண்டு நுனிகளையும் தேடிப் பிடித்து, விரலால் முறுக்கி இணைத்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. வேலை மறுபடி நகர்ந்தது.

“சரியா பாத்தியா? போன தடவ மாதிரி உட்டுடாத,” என்றார் மனைவி.

“ஒரே ஒரு இழைம்மா அது.”

“ஒரு இழைதான் தம்பி,” என்றார் அந்தப் பெண் என்னிடம். “அறுந்தத சொன்னா கேவலம்னு கம்முனு இருந்துட்டாரு. நெய்ஞ்சி முடிச்சா, பொடவ நீளத்துக்கும் கோடு. பதினஞ்சு நாள் வேல வீணாப்போச்சி.”

“வருஷம் ஒண்ணாச்சி. இன்னும் அந்தக் கோட்டயே புடிச்சிக்கினு தொங்கறா,” என்றார் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன்.

தாம்பரம் மேம்பாலப் படி: ஷூ லேஸ். காஞ்சிபுரம் நிலைய வாசல்: சுவரொட்டி. பிள்ளையார்பாளையம், முதல் பாவு: போட்டோ. மூன்றாம் பாவு: நாற்காலி. அன்று அதுவரை நான்கு.

கோயிலை 8.30க்கு அடைந்தேன். மணற்கல், புல்வெளி, கூட்டமில்லை. கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி. தவழ்ந்து நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. நான் போகவில்லை. மூச்சு ஒரு காரணம். இந்தப் பிறவியிலேயே இன்னும் வேலை பாக்கி இருந்தது மற்றொன்று. வெளிச்சுற்றை மட்டும் மெதுவாக நடந்தேன். இரண்டு முறை நின்றேன். எழுதினேன்.

மாலைக்குள் பதினொன்று. மதியம் சாப்பிட்ட கடையில் போனுக்குச் சார்ஜ் ஏற்றியிருந்தேன்; திரும்பும் பேருந்தில் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“பதினொண்ணுதானா? நான் பதினஞ்சு இருக்கும்னு நெனச்சேன்டா.”

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். ஸ்கேன் எடுத்தார்கள். இன்னும் தாமதமாகவில்லை. மார்பைத் திறக்க வேண்டியதில்லை, தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை வைக்கலாம் என்றார். ஜூனில் தேதி.

என்னைப் போன்ற இதயத்தோடு போகிறவர்களுக்கு: பழைய அறுவை சிகிச்சை அறிக்கையின் நகலும் மாத்திரைப் பட்டியலும் பையில் இருக்கட்டும். கைலாசநாதருக்குக் காலையில் போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். புல்வெளி ஓரம் நிழல் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் காலையில் ஆட்டோவை நம்ப வேண்டாம், பாவு இருக்கும். அந்த அரை கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். வழியில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். நாற்காலி கேளுங்கள். கொடுக்கிறார்கள்.