மதினியின் வளையல்

விளாங்குடி வீட்டில் எனக்கு வளைகாப்பு நடந்தபோது பரவையிலிருந்து என் மதினியும் வந்திருந்தார். அண்ணன் மனைவி. அவர் முழங்கைகளில் தோல் செதில் செதிலாக உரியும். அதைப் படை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொருவராக என் கையில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். மதினி முறை வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். "கை வீங்கிப்போச்சு மதினி, போதும்." அவருக்கு அடுத்து வந்தவரிடம் அதே கையை நீட்டினேன். தெரியாமல் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தேன். மதினி வளையலைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்து என் கணுக்காலில் அதே செதில் வந்தது. தோல் டாக்டர் பார்த்ததுமே சொரியாசிஸ் என்றார். "இது ஒட்டாதும்மா. உலகம் பூரா கோடிக்கணக்கான பேருக்கு இருக்கு." என்னைத் தேற்றத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே மதினி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "கால்ல என்னம்மா?" என்று குனிந்தார். அத்தனை கோடிப் பேரில் எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"உடம்புச் சூடு மதினி" என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.