பிள்ளையார் விளக்கு

அந்தப் பழைய காரை நான் வாங்கியதே எனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றுதான். எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தேன். ஆறு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. கடிதம் போடுகிறோம் என்றவர்கள் ஒருவரும் போட்டபாடில்லை. மாப்பிள்ளைக்கு முன்கோபம் என்று யாரோ வத்தி வைத்திருந்தார்கள். உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல அவன் யார்? சொந்தக் காரில் போய் இறங்கினால் கோபமெல்லாம் கண்ணில் படாது என்று அம்மா சொன்னாள்.

விற்றவர் எல்லாம் விவரமாகத்தான் சொன்னார். தண்ணீர் ஊற்று, காற்றுப் பார் என்பது வரை கேட்டேன். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு இருந்தது. சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். பழைய சொந்தக்காரர் சாமிக்கு வைத்தது என்று நானே முடிவுகட்டி, அதற்கு மேலே ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினேன். அம்மா தினமும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில், வண்டி மெதுவாகப் போகும்போதெல்லாம் விளக்கு எரிய ஆரம்பித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஏழாவது பெண் திருச்சுழியில். அப்பா லாரி டிரைவர். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும் என்று நானும் அம்மாவும் கிளம்பினோம். அன்றைக்கு விளக்கு அணையவே இல்லை.

"இன்னைக்குச் சாமி கூடவே வாராருய்யா. இந்த எடம் முடிஞ்சிரும்" என்றாள் அம்மா.

பாதித் தூரத்தில், உள்ளே யாரோ உலக்கை போடுவதுபோல் டொக் டொக்கென்று கேட்டது. ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டே இன்னும் வேகமாக மிதித்தேன். படார் என்றது, வண்டி நின்றுவிட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் இன்ஜின் பக்கவாட்டில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதன் வழியாக ஒரு முறிந்த இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கருவேலங்காடு, ஈ காக்கை இல்லை. டயரை ஓங்கி உதைத்தேன், கால்தான் வலித்தது. விளக்கு மட்டும் இன்னமும் எரிந்துகொண்டிருந்தது.

அவ்வழியே வந்த கரிமூட்டை லாரியில் அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டு, நான் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். பத்தேகாலுக்குப் பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது என் வெள்ளை வேட்டியில் வெள்ளையைத் தேடவேண்டியிருந்தது.

"கார்ல வாரதாச் சொன்னாகளே?" என்றார் பெண்ணின் அப்பா.

"இன்ஜின் வெடிச்சிருச்சுங்க. இத்தனைக்கும் பிள்ளையார் வெளக்கு வீட்டுல இருந்து அணையாம எரிஞ்சது."

அது என்ன விளக்கு என்று கேட்டார். இடம், நிறம் எல்லாம் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, அது ஆயில் இல்லைன்னா எரியிற வெளக்குல்ல? எம்புட்டு நாளா எரியுதாம், கேளுங்க."

"நாலு மாசமா எரியுது தாயி" என்று பக்தியோடு பதில் சொன்னாள் என் அம்மா.

உள்ளே வளையல்கள் குலுங்கின. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இதுவும் போச்சு, இனிப் பிரம்மச்சாரியாகவே சாகவேண்டியதுதான் என்று விருட்டென்று எழுந்தேன். எழுந்தபிறகுதான் திரும்பிப் போக வண்டியில்லை என்பது ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அவள் காபி கொண்டுவந்தாள். உதட்டைக் கடித்து அடக்கியும் தோள் ஆடியது, டம்ளரும் ஆடியது. பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆயுசில் என்னை நினைத்தே நான் சிரித்தது அதுதான் முதல்முறை. அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அப்பா உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"பொண்ணுக்குச் சம்மதந்தான் தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லச் சொன்னா. இனிமே வெளக்குச் சமாச்சாரமெல்லாம் அவ பாத்துக்கிருவாளாம். நீங்க கிட்டக்கூட வரப்படாதாம்."